காதைப் பார்க்காமலே காதுக்கு மருந்து

காது அடைத்துக்கொண்டு போனவனின் காதுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் மருந்து எழுதுவார்களா? லண்டனிலிருந்து ஊருக்கு வந்த எனக்கு, இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் சனல் பண்ணிப் போன இடத்தில், அதாவது காசு கட்டித் தனியார் டாக்டரிடம் காட்டப் போன இடத்தில், எழுதினார்கள். "வெளிநாட்டிலிருந்து வந்தீங்களா? ப்ளேன்ல வந்ததுதான்" என்றார் டாக்டர். அன்டிபயோட்டிக், சளி மாத்திரை, அடுத்த நம்பர். காது பார்க்கும் கருவி அவர் மேசையிலேயே கிடந்தது. அதை நினைக்க நினைக்க இப்போதும் ஆத்திரம் வருகிறது.

வீட்டிலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் ஏறும்போது காது அடைப்பதும், எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறப்பதும் நமக்குப் பழகியதுதானே. அது காற்றழுத்தத்தால் வருவது. சளி இருக்கும்போது மூக்கையும் காதையும் இணைக்கிற குழாய் வீங்கி, விமானம் இறங்கும்போது அடைப்பு கூடும் என்பதும் உண்மை. ஆனால் எனக்குச் சளியே இல்லை. விழுங்கினாலும் கொட்டாவி விட்டாலும் திறக்கவில்லை. இரவில் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே அடங்கிய பிறகு இடது காதில் மட்டும் ஙொய்ங் என்று ஒரே இரைச்சல். அக்கா தேங்காய் எண்ணெயைச் சூடாக்க எழுந்துவிட்டார். காதுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் எதையும் ஊற்ற வேண்டாம் என்று தடுத்தேன்.

அப்புறம் அரசாங்க ஆஸ்பத்திரியின் ஓபிடிக்கு, வெளிநோயாளர் பிரிவுக்கு, போனேன். விடியவே போய்த் துண்டு எடுத்து வாங்கில் காத்திருக்கும் அந்தப் பழைய கதைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் உள்ளே இருந்த இளம் டாக்டர் முதலில் செய்த வேலை காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தது. "குறும்பி இறுகிப்போய் இருக்கு ஐயா. இரைச்சலும் அதாலயா இருக்கலாம்" என்றார். காதுப்பறையில் முன்பு ஓட்டை விழுந்ததா, சீழ் வந்ததா என்று கேட்டார். சில நாட்கள் சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து வரச் சொன்னார். திரும்பப் போனதும் உடம்புச் சூட்டுத் தண்ணீரால் கழுவினார்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தால் தலை சுற்றுமாம். கறுப்புக் கட்டியாக வந்து விழுந்தது. ஒரு சதம் கேட்கவில்லை.

லண்டனில் இதே வேலைக்கு என் ஜீபீ, அதாவது குடும்ப டாக்டர், தனியாரிடம் போகச் சொல்லிவிட்டார். குறும்பி எடுப்பதைக் குடும்ப மருத்துவ மட்டத்திலோ ஊர்மட்டக் காதுச் சிகிச்சை நிலையங்களிலோ செய்ய வேண்டும் என்று, அங்கே மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வழிகாட்டல் வெளியிட்டும், சர்ஜரி எனப்படும் பல குடும்ப டாக்டர் நிலையங்கள் அதை நிறுத்திவிட்டன. நம்மூர் ஓபிடியை இனி யாரும் என்னிடம் குறை சொல்ல வேண்டாம்.

சனல் டாக்டர் மேல் கோபம் காசுக்காக இல்லை. ஒரு காது திடீரென்று கேட்காமல் போய் இரைந்தால், அது உட்காதோ நரம்போ சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம். அப்படியானால் நாள் கடத்தாமல் ஸ்டீரொய்ட் தொடங்க வேண்டும், பிந்தினால் கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். குறும்பியா நரம்பா என்று பிரித்தறிய முதலில் காதுக்குள் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும். ஊருக்குப் போகிறவர்கள் யாரிடம் காட்டினாலும், "காதைப் பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.