குழந்தையோடு கயாக் பழக: ஒரு காற்றடைக்கும் படகும் அதற்கு ஏற்ற தண்ணீரும்

இரண்டு பேர் உட்காரும் காற்றடைக்கும் கயாக் இது. மூன்று மீட்டருக்குச் சற்று அதிக நீளம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். மடித்தால் ஒரு பெரிய பயணப் பைக்குள் அடங்கிவிடும். நானும் ஏழு வயது மகளும் சேர்ந்து பழகத்தான் வாங்கினோம். இரண்டு பேருக்குமே கயாக் புதிது. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் படகு செய்கின்றன, பெரிய வேறுபாடு கிடையாது. அதனால் பெயர் சொல்லாமல் இந்த வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

மறைவான, அமைதியான தண்ணீரில் இது ஐந்துக்கு நாலரை. காற்றடிக்கிற திறந்த ஏரியில் மதிப்பெண்ணே தர மாட்டேன், குழந்தையோடு அங்கே இறக்கவே கூடாது. எந்தத் தண்ணீரில் மிதக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்தப் படகை நல்லது என்றோ மோசம் என்றோ சொல்வதில் அர்த்தம் இல்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். அசையாமல் நிற்கிறது. மகள் முன்னிருக்கையில் உட்கார்ந்தபடி ஒரு பக்கம் முழுக்கச் சாய்ந்து தண்ணீரில் கையை விட்டு அளைந்தாலும் படகு கொஞ்சம் சாய்கிறதே தவிர கவிழப் பார்ப்பதில்லை. பக்கச் சுவர்கள் இரண்டும் தடித்த காற்றுக் குழாய்கள் என்பதால் குழந்தை எங்கே இடித்துக்கொண்டாலும் அடி படாது. காற்றறைகள் தனித்தனியாக இருப்பதால் ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும்.

குறை என்றால் காற்றுதான். தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் பகுதி மிகக் குறைவு, மேலே தூக்கி நிற்கும் சுவர் அதிகம். காற்று அந்தச் சுவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அடியில் மாட்டும் ஃபின் என்ற செதில் போன்ற தகடு, படகின் மூக்கு இடமும் வலமும் திரும்புவதைக் குறைக்கிறது. காற்று பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டு போவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது. நீர்ச்செடிகள் மண்டிய இடத்தில் அதே ஃபினில் கொடி சுற்றிக்கொண்டு படகு நகராமல் நின்றுவிடுவதும் உண்டு.

அதனால் நாங்கள் இடம் பார்க்கும்போது முதல் கேள்வி ஆழம் இல்லை, அழகும் இல்லை: காற்றுக்கு மறைவு இருக்கிறதா? மணிக்கு 12 முதல் 19 கி.மீ. வேகக் காற்றை போஃபர்ட் அளவுகோலில் 3 என்கிறார்கள். அலைகளின் நுனி உடைந்து அங்கங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கும் நிலை அது. எங்கள் எல்லை அதற்கு ஒரு படி கீழே, 6 முதல் 11 கி.மீ. வரை. சிற்றலை இருக்கும், நுனி உடையாது. நுரை கண்ணில் பட்டால் பம்பை வெளியே எடுப்பதே இல்லை. பெரும்பாலும் விடிந்த சில மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறோம். வெயில் ஏற ஏற நிலம் சூடாகிக் காற்று கிளம்பும், மதியத்துக்கு மேல் அதே ஏரி வேறு ஏரியாகிவிடும்.

காற்றின் வேகத்தைப் போலவே திசையும் முக்கியம். நாம் நிற்கும் கரையிலிருந்து தண்ணீரை நோக்கி வீசும் காற்று ஆளை ஏமாற்றும். கரையோர மரங்களின் மறைவில் தண்ணீர் ஆடாமல் கிடக்கும். கொஞ்ச தூரம் உள்ளே போனதும் காற்று பிடித்துக்கொள்ளும், பிறகு திரும்பி வரும் வழி முழுக்க எதிர்க்காற்று, அதுவும் குழந்தையின் கை ஓய்ந்த பிறகு. இதற்கு மகளுக்கென்று ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். காய்ந்த புல்லை ஒரு பிடி கிள்ளி, தலைக்கு மேலே தூக்கி விட்டுவிட்டுப் பார்ப்பாள். "அம்மா, அந்தப் பக்கம் போகுது." "அப்ப நாம முதல்ல இந்தப் பக்கம் போகணும்." போகும்போது எதிர்க்காற்று, வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே புல்லோடு நிற்கிறாள்.

நீர்ப்பரப்பின் வடிவமும் கவனிக்க வேண்டியது. காற்று தடையில்லாமல் ஓட எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அந்த அளவுக்கு அலை வளரும். எனவே பரந்து விரிந்த பெரிய ஏரியைவிட, வளைந்து நெளிந்த, கரையில் மரம் அடர்ந்த சின்ன ஏரி நமக்கு நல்லது. பெரிய ஏரியாக இருந்தாலும் நிலத்துக்குள் குடைந்து வந்த சிறு வளைவு ஒன்று கிடைத்தால் போதும், அதற்குள்ளேயே ஒரு காலைப் பொழுது சுற்றலாம். செயற்கைக்கோள் வரைபடத்தில் இதெல்லாம் தெரியும். தெரியாதது கரை எப்படி இருக்கிறது என்பது. அதை நேரில் நடந்துதான் பார்க்க வேண்டும். முழங்கால் ஆழத்தில் மணலோ கூழாங்கல்லோ இருந்து சாய்வாக இறங்கும் கரை வேண்டும். சேறு கூடாது, செங்குத்துச் சுவரும் கூடாது. ஏறுமிடம் ஒன்று மட்டும் இருந்தால் எனக்குப் போதாது. குழந்தைக்குக் குளிர் எடுத்தாலோ பயம் வந்தாலோ அந்த இடத்திலேயே கரையேற வழி இருக்க வேண்டும்.

இந்தக் காரணத்துக்காகவே கால்வாய்களுக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். தண்ணீர் நின்று கிடக்கும், இரு கரையும் பக்கத்தில் இருக்கும், பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் பல இடங்களில் பக்கச் சுவர் நேராக ஏறி நிற்கும், விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது.

ஆறு என்றால் ஒரு குச்சியை வீசிப் பார்க்கிறேன். பத்து மீட்டர் தூரத்தைக் கடக்க அது அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் ஓட்டம் மணிக்கு சுமார் 1.2 கி.மீ.க்குள் இருக்கிறது என்று கணக்கு. அந்த அளவை எங்கள் இருவராலும் எதிர்த்துத் துடுப்புப் போட முடிகிறது. அதற்கு மேல் என்றால் இறங்குவதில்லை. ஆற்றில் நான் மிகவும் அஞ்சுவது இரண்டு. ஒன்று, தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் மரம். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து போய்விடும். ஆளும் படகும் அதில் அழுந்திச் சிக்கிக்கொள்ளும். இன்னொன்று தடுப்பணை. மேலிருந்து வரும்போது ஒரு நேர்கோடு மாதிரிதான் தெரியும், விழும் உயரம் மிகச் சிறியதாகவும் இருக்கலாம். ஆனால் அடியில் தண்ணீர் திரும்பத் திரும்பச் சுருட்டி உள்ளிழுக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் விடாது. கீழே தடுப்பணை இருக்கும் ஆற்றில், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், குழந்தையோடு நான் இறங்க மாட்டேன்.

நீர்த்தேக்கங்களில் தண்ணீர் திறந்துவிடும் மதகுப் பக்கம் போகவே வேண்டாம். கழிமுகத்தையும் கடலையும் புதியவர்கள் இப்போதைக்கு மறந்துவிடலாம். ஏற்றவற்றம் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட வராமல் அங்கே வேலை இல்லை.

மறுபடி படகுக்கு வருகிறேன். வெயிலில் வைத்துக் காற்றடித்துவிட்டுத் தண்ணீரில் இறக்கினால் பத்து நிமிடத்தில் சுவர் தொளதொளத்துப் போகும். ஓட்டை என்று பதற வேண்டாம். சூடான காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அவ்வளவுதான். கரையோரம் மிதக்க விட்டு, பிறகு இன்னொரு முறை அடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து: இறுக்கமாக அடித்த படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து வெயிலில் போட்டால் உள்ளே அழுத்தம் ஏறித் தையல் பிரியலாம். கரையேறியதும் வால்வைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

பெரியவர் பின்னால், குழந்தை முன்னால் என்று உட்கார்ந்தால் மூக்கு மேலே தூக்கும், காற்று அதைப் பிடித்துத் திருப்பும். குடிதண்ணீர், துணி எல்லாம் போட்ட நீர்புகாப் பையை முன்பக்கம் வைத்துவிட்டால் படகு சமமாக மிதக்கிறது. கூடவே வரும் துடுப்புகள் குழந்தைக்கு ஆகாது. தண்டு தடிமன், சிறு விரல்கள் அதைச் சுற்றிப் பிடிக்க முடியாது, ஓரிரு முறை போட்டதும் கை கீழே இறங்கிவிடும். மெல்லிய தண்டுள்ள சிறுவர் துடுப்பு தனியாக வாங்கினேன், வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது. அவள் போடும் தாளத்துக்குப் பின்னால் இருந்து நான் சேர்ந்து போடுகிறேன். என் தாளத்தை அவள் பிடிக்கட்டும் என்று விட்டால் துடுப்புகள் மோதிக்கொண்டே இருக்கும்.

சில படகுகளோடு லைஃப் ஜாக்கெட்டும் சேர்த்துத் தருகிறார்கள். அதைப் பயன்படுத்தும் முன் முத்திரையைப் பாருங்கள். மிதக்க வைக்கும் விசையை நியூட்டன் என்ற அலகில் போட்டிருப்பார்கள். 50 நியூட்டன் என்று இருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கான மிதவை உதவி மட்டுமே, முகத்தை மேலே திருப்பி வைக்கும் பொறுப்பு அதற்கில்லை. சரியாக நீந்தத் தெரியாத குழந்தைக்கு கழுத்துப் பட்டையோடு 100 நியூட்டன் வேண்டும், கால்களுக்கு இடையே போகும் வாரும் வேண்டும். வயதைப் பார்த்து வாங்காதீர்கள், எடையைப் பார்த்து வாங்குங்கள். மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிது. குழந்தையைப் படகோடு எந்தக் கயிற்றாலும் கட்ட வேண்டாம்.

வெயில் இதமாக இருந்தாலும் தண்ணீர் குளிர்ந்திருக்கலாம். 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த தண்ணீரில் திடீரென விழுந்தால் மூச்சு திணறி, தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடுவோம். அந்தப் பருவத்தில் எங்கள் படகு பைக்குள்தான்.

மடித்து வைக்கும் முன் இருக்கைக்கு அடியிலும் குழாய்கள் சேரும் இடுக்கிலும் துணி விட்டுத் துடைக்க வேண்டும். மணலும் ஈரமும் அங்கேதான் தங்கும், பூஞ்சை அங்கேதான் தொடங்கும். பழையதாக ஒன்று வாங்குவதானால் அந்த இடுக்கை முகர்ந்து பாருங்கள்; காற்றடித்து ஓர் இரவு முழுக்க நிழலில் விட்டு, காலையில் சுவரை அழுத்திப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள்.