ஓ.எஸ். 46 ஏஎக்ஸ்: இறுகிப் பிடிக்கும் புது என்ஜினைப் பழக்கும் விதம்

பெட்டியிலிருந்து எடுத்துக் கையால் சுழற்றிப் பார்த்தால், பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது, மாதிரி விமானங்களுக்கான ஓ.எஸ். 46 ஏஎக்ஸ் என்ஜின் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இன்னும் சற்று அழுத்தினால் ‘கிறீச்’ என்ற மெல்லிய ஒலியோடு தாண்டும். முதன்முறை வாங்குகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கலங்கிப்போய், என்ஜினில் ஏதோ பழுது என்று நினைக்கிறார்கள். உண்மையில் இந்த ஜப்பானிய என்ஜினுக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அந்தப் பிடிப்புக்குத்தான்.

7.45 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இந்த என்ஜினில் பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வளையம் (ரிங்) கிடையாது. பிஸ்டன் ஓடும் உள்குழாயான, நிக்கல் பூசிய பித்தளை லைனர் மேலே போகப் போகச் சற்றுக் குறுகுமாறு கடையப்பட்டிருக்கிறது. ஓடத் தொடங்கியதும் சூடேறும் பித்தளை, சிலிக்கான் கலந்த அலுமினிய பிஸ்டனைவிடச் சற்று அதிகமாக விரிந்து, பிஸ்டனுக்கு வேண்டிய இடத்தைக் கொடுத்துவிடும். ஆகவே குளிர்ந்த நிலையில் உச்சியில் பிடிப்பதும், சூட்டில் வழுக்கிச் செல்வதும்தான் இதன் இயல்பு.

இதை அறியாமல் கெடுத்த ஒரு என்ஜினை எங்கள் மைதானத்திலேயே பார்த்தேன். நண்பர் ஒருவர், யாரோ சொன்ன யோசனையை நம்பி, நான்கைந்து டேங்க் எரிபொருளையும் எண்ணெய் சொட்டச் சொட்ட ‘ரிச்’ நிலையிலேயே, அதாவது காற்றோடு எரிபொருள் தேவைக்கு அதிகமாகக் கலக்கும்படி வைத்தே, ஓட்டினார். இரும்பு பிஸ்டன் போட்ட பழைய என்ஜின்களுக்கு அது பொருந்தும். இங்கோ லைனர் விரியும் அளவுக்குச் சூடே ஏறாததால், குறுகிய மேல்பகுதியில் பிஸ்டன் உரசி உரசித் தேய்ந்து, கம்ப்ரஷன் (உள்ளிருக்கும் கலவையை அழுத்தும் வலு) சீக்கிரமே போய்விட்டது.

நான் கையாளும் முறை வேறு. முதலில் புகைபோக்கி வழியாக இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முடி உலர்த்தும் கருவியால் சிலிண்டர் தலையை, விரல் வைத்தால் சுடும் வரை சூடாக்குகிறேன். கார்புரேட்டர் வாயை விரலால் மூடி, எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கில் மின்சாரம் கொடுக்காமலே இரண்டு சுற்றுச் சுற்றினால் எரிபொருள் உள்ளே வந்துவிடும். அதற்குப் பிறகு கையால் ஒருமுறை மெதுவாகச் சுழற்றிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எரிபொருள் அதிகமாகச் சேர்ந்து பூட்டிக்கொண்ட என்ஜினுக்கு மின்சார ஸ்டார்ட்டரை வைத்து அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பூட்டியிருந்தால் பிளக்கைக் கழற்றி எரிபொருளை வெளியேற்றிவிட வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் கொடுத்த பிறகு வெறுங்கை புரொப்பெல்லர் பக்கமே போகக்கூடாது.

பழக்குவதற்கு 11 அங்குல விட்டமும் 6 அங்குலப் பிட்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லரையும், விளக்கெண்ணெய் சேர்ந்த, மொத்த எண்ணெய் ஐந்தில் ஒரு பங்காவது உள்ள எரிபொருளையும் பயன்படுத்தினேன். என்ஜின் ஓடத் தொடங்கியதும் த்ராட்டிலை முழுதாகத் திறந்து, எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் திருகை மெல்ல மூடிக்கொண்டே வந்தால், கரகரவென்ற தாழ்ந்த சத்தம் ஒரு கட்டத்தில் கூர்மையான இரைச்சலாக மாறும். அந்த நிலையில் பத்து விநாடி ஓடவிட்டு, மறுபடி நீடிலைத் திறந்து குளிரவிட வேண்டும். இப்படிச் சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதில்தான் லைனரும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று படிகின்றன. இரண்டு டேங்க் முடிந்ததும் விமானத்தில் பொருத்தி, முதல் சில பறத்தல்களுக்கு நீடிலைச் சற்றே ரிச்சாக வைத்துக்கொண்டேன்.

அதற்குள் ஐடில் (த்ராட்டிலைக் குறைத்து மெதுவாக ஓடும் நிலை) நிதானப்பட்டு, த்ராட்டிலைத் திறந்ததும் தயங்காமல் எழும்பத் தொடங்கிவிட்டது. இந்த அளவு என்ஜின்களில் இத்தனை பதமாக ஐடில் செய்யும் வேறொன்றை நான் வைத்திருந்ததில்லை. குளிர்ந்தபின் உச்சியில் இன்னும் பிடிக்கிறது, பிடிக்கத்தான் வேண்டும்.

ஒவ்வொரு நாள் பறத்தல் முடிந்ததும், எரிபொருள் குழாயைக் கிள்ளி மிச்சத்தை எரித்துவிட்டு, பேரிங் துருப்பிடிக்காமல் இருக்கக் கார்புரேட்டருக்குள் எண்ணெய் விட்டு, பிஸ்டன் கீழே இருக்குமாறு நிறுத்தி வைக்கிறேன். உச்சியில் நிற்கவைத்துக் குளிரவிட்டால், அடுத்த முறை சூடாக்காமல் அசைக்கவே முடியாது.