ஒரே சீட்டில் ரயில், பஸ், ட்ராம், படகு: பெர்லினில் 24 மணி நேரம்

சென்னை மாநகர பஸ்ஸில் 31 வருஷம் சீட்டுக் கிழித்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோட்டை, அரண்மனையைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் அந்த ஊர் டிக்கெட் மேல்தான் போகும். போன மே மாதம் ஹனோவரில் மகள் வீட்டில் இருந்தபோது, வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு திரும்புகிற மாதிரி பெர்லினுக்கு ஒரு நடை போய் வந்தோம். நகரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அங்கே வாங்கிய 24 மணி நேரச் சீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இந்தச் சீட்டே தேவைப்படவில்லை. 2023 மே மாதம் கொண்டுவந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சந்தா அவர்களிடம் இருக்கிறது. நாடு முழுக்க நகரப் பஸ், ட்ராம், சாதாரண ரயில் எல்லாவற்றிலும் அது செல்லும். பேரனுக்கு நாலு வயது. ஆறு வயதுக்குள் இருந்தால் இலவசம். ஆக, சீட்டு எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான்.

பெர்லினில் நம் ஊர் ஸ்டேஜ் கணக்கு கிடையாது. ஏ, பி, சி என்று மூன்று வட்டம். ஊரைச் சுற்றி ஓடுகிற 37 கிலோமீட்டர் வட்ட ரயில் பாதைக்குள்ளே இருப்பது ஏ. அங்கிருந்து நகர எல்லை வரை பி. எல்லைக்கு வெளியே சி. சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் விலை குறைச்சல் என்று ஏபி சீட்டை வாங்கிவிடுவார்கள். சிக்கல் அங்கேதான். விமான நிலையமும் சி, பக்கத்து ஊர் போட்ஸ்டாமும் சி. எஸ்7 ரயிலில் வான்சே நிறுத்தம் வரைக்கும் ஏபி போதும். அடுத்த நிறுத்தமான கிரீப்னிட்ஸ்சேயில் சி ஆரம்பம். அந்த ஒரு நிறுத்தம் தாண்டிப் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். தனியாக ஒரு நீட்டிப்புச் சீட்டும் விற்கிறார்கள். ஆனால் போட்ஸ்டாம் போவது உறுதி என்றால் முதலிலேயே ஏபிசி வாங்கிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், சீட்டை வாங்கினால் மட்டும் போதாது. இயந்திரத்தில் எடுத்த காகிதச் சீட்டை நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் நாமே நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு கையில் இருந்தாலும் இல்லாத கணக்குதான். 24 மணி நேரமும் அந்த முத்திரையிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது, வாங்கிய நேரத்திலிருந்து அல்ல. திட்டம் போடுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்கே குத்திவிட்டால் மறுநாள் ஏழு மணிக்கு முடிந்துவிடும், அப்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் சனிக்கிழமை காலை அலெக்சாண்டர்பிளாட்ஸ் நடைமேடையில் 10.22க்குக் குத்தினோம். ஞாயிறு காலையும் ஒரு சவாரிக்கு மிச்சம் இருந்தது. சீட்டை ஃபோனில் வாங்கினால் முத்திரை வேலை இல்லை.

எஸ்7 கிளம்பியது. தடுப்புக் கதவு இல்லை, நடத்துநர் இல்லை. யார் வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். வயிறு எரிந்தது எனக்கு. சார்லொட்டன்பர்க் தாண்டியதும் கதவு மூடின நொடியில், பெட்டியின் இரண்டு முனையிலும் சாதாரண சட்டை போட்ட இரண்டு பேர் எழுந்து அடையாள அட்டையைக் காட்டினார்கள். பரிசோதகர்கள்! கதவு மூடும் வரை அசையாமல் இருந்தார்கள் பாருங்கள், அதுதான் தொழில். இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்கு வந்தார்கள், நழுவ வழியில்லை. ஒரு பையனிடம் சீட்டு இல்லை. சத்தம் இல்லை, சண்டை இல்லை, அடுத்த நிறுத்தத்தில் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். என் சீட்டை வாங்கி முத்திரையை மட்டும் ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்தார் ஒருவர். நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

போட்ஸ்டாம் ரயில் நிலைய வாசலில் 695 பஸ். அதே சீட்டுதான். சான்சூசி அரண்மனைக்கு அருகில் இறக்கிவிடும். பிரெஞ்சில் அந்தப் பெயருக்குக் ‘கவலை இல்லாமல்’ என்று அர்த்தமாம். இரண்டாம் ஃபிரெட்ரிக் மன்னர் 1745 முதல் 1747 வரை கட்டியது. உள்ளே போக நேரம் குறித்த சீட்டு வேண்டும், அதை வீட்டிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. திங்கட்கிழமை விடுமுறை. பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. எனக்கு உள்ளே இருந்த பளபளப்பை விட வெளியே திராட்சைக்கொடி படர்ந்த ஆறு அடுக்கு மேடைதான் பிடித்தது.

மேல் அடுக்கில் மன்னரின் சமாதி. புல்லோடு புல்லாகப் படுத்துக் கிடக்கும் வெறும் ஒரு கல், பெயர் மட்டும் பொறித்திருக்கிறது. அதன் மேல் உருளைக்கிழங்குகள்! எண்ணிப் பார்த்தேன், பதினேழு. ஒன்றில் யாரோ பேனாவால் கிரீடம் வரைந்திருந்தார்கள். ஒன்று முளைவிட்டிருந்தது. 1756இல் உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி இவர் உத்தரவு போட்டாராம், அதற்கு ஜனங்கள் செலுத்தும் மரியாதை. பக்கத்திலேயே அவர் வளர்த்த நாய்களுக்கும் கல். நாய்களோடுதான் புதைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவரை 1786இல் வேறு இடத்தில் வைத்துவிட்டு, 1991இல்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். “என்னங்க, சாயங்காலம் இதையெல்லாம் எடுத்துப் பொரியல் பண்ணிடுவாங்களா?” என்றாள் என் மனைவி. பூங்காவுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மகள் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். கழிவறைக்கு மட்டும் ஒரு காபிக் கடையில் தலைக்கு ஒரு யூரோ போனது, அதுவும் காபி குடித்த பிறகு.

அங்கிருந்து வந்த வழியே திரும்பிப் போகாதீர்கள். நகருக்குள் வந்து 93ஆம் எண் ட்ராமைப் பிடித்தால் கடைசி நிறுத்தம் கிளீனிக்கர் பாலம். பனிப்போர் காலத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் பிடிபட்ட உளவாளிகளை மாற்றிக்கொண்ட இடம். 1962 பிப்ரவரி 10 அன்று முதல் மாற்று, கடைசி 1986இல். பாதிப் பாலம் ஒரு பச்சை, மீதிப் பாதி வேறு பச்சை. நடுவில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. நடந்து கடந்தால் பெர்லின், அங்கே 316 பஸ் நிற்கும், வான்சேயில் விடும்.

வான்சேயில்தான் இந்தச் சீட்டுக்கு நான் சலாம் போட்டேன். எஃப்10 என்று ஒரு படகு, மணிக்கு ஒன்று, இருபது நிமிஷம் ஏரியில் போய்க் கிளாடோ என்ற கரையில் விடுகிறது. சுற்றுலாப் படகு இல்லை, நகரப் போக்குவரத்துப் படகு. இதே சீட்டு! பக்கத்துத் துறையில் தனியார் படகுகளுக்கு ஆட்கள் பணம் கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். சனிக்கிழமை வெயில் என்றால் சைக்கிள்காரர்கள் மொய்த்துவிடுவார்கள், கால் மணி முன்னாலேயே போய் நில்லுங்கள். போகும் வழியில் கரையில் ஒரு மாளிகையை மகள் காட்டினாள். 1942 ஜனவரி 20 அன்று யூதர்களைக் கூண்டோடு அழிக்கும் திட்டத்தை அதிகாரிகள் உட்கார்ந்து பேசிய வீடு. அவ்வளவு அழகான ஏரி. பேரன் அலையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தான், நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கிளாடோவிலிருந்து எக்ஸ்34 பஸ், அப்புறம் ரயில். அறைக்கு வந்தபோது கணக்குப் போட்டேன்: இரண்டு ரயில், மூன்று பஸ், ஒரு ட்ராம், ஒரு படகு. சென்னையில் என் கையில் இப்படி ஒரு சீட்டுக் கட்டு இருந்திருந்தால் விற்ற சீட்டுக் கணக்கைக் குறிக்கும் வே பில் எழுதுகிற தொல்லை பாதி குறைந்திருக்கும்.

குறை என்று பார்த்தால், எழுதப் படிக்கத் தடுமாறும் ஒரு பெரியவர் தனியாக வந்தால் இந்த ஏற்பாடு அவருக்கு இரக்கம் காட்டாது. இயந்திரத்தில் ஆங்கிலம் உண்டு. ஆனால் வட்டம், முத்திரை எல்லாம் அவரே தெரிந்து வைத்திருக்க வேண்டும். “பெரியவரே, எங்கே போகணும்?” என்று கேட்க ஆள் இல்லை.

ஞாயிறு காலை 100ஆம் எண் மாடி பஸ்ஸில் மேலே முன் சீட்டைப் பிடித்தோம். பெர்லின் சுவர் விழுந்த மறுவருஷம், 1990இல், கிழக்கையும் மேற்கையும் இணைத்து விட்ட வழித்தடம். அலெக்சாண்டர்பிளாட்ஸில் ஏறினால் நாடாளுமன்றம், வெற்றித் தூண் எல்லாம் காட்டிவிட்டு மிருகக்காட்சிசாலை வாசலில் விடும். நாடாளுமன்றக் குவிமாடத்துக்குள் போக இலவசம், ஆனால் முன்கூட்டியே பெயர், பிறந்த தேதி கொடுத்துப் பதிய வேண்டும். நாங்கள் பதியவில்லை, பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி.

இறங்கும்போது மணி 10.05. என் மனைவி சீட்டை வாங்கி முத்திரையைப் பார்த்தாள். “இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கே. எதிர்ப்பக்கம் ரெண்டு ஸ்டாப் போயிட்டு வரலாமா?” என்றாள். போய்விட்டு நடந்தே திரும்பினோம்.