ஆள் வராத தண்டல்: தினம் 100 ரூபாயில் குடும்பக் கடனை அடைக்கும் முறை, இரண்டு வருட ஓட்டத்தில்

தண்டல், அதாவது தினசரி வசூல் கடன், எப்படி ஓடும் என்று கடலூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 10,000 என்று பேசுவார்கள்; 1,500-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. இந்த வட்டியையும் பூக்கட்டி விற்பவரும் மீன் கூடைக்காரம்மாவும் நாள் தவறாமல் கட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் ஆனால் வாசலில் ஆள் வந்து நிற்கிறார், பணம் வீட்டில் ராத்தங்குவதே இல்லை. அதனால்தான் கட்ட முடிகிறது.

அந்த ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டு வட்டியை விட்டுவிடுவதுதான் இங்கே சொல்லப்போகும் முறை. அன்றாடச் செலவில் எதைக் குறைத்தாலும், குறைத்த தொகை அன்றே வீட்டை விட்டு வெளியேறி கடன் கணக்குக்குப் போய்விட வேண்டும். டீயைக் குறைத்தோம், பஸ்ஸில் போனோம், ஆனால் மாசக் கடைசியில் கையில் ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மிச்சம் பிடித்த பணம் சட்டைப் பையிலேயே இருந்தது, வேறொன்றுக்குப் போய்விட்டது.

தேவையானவை கொஞ்சம்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்று. கார்டும் யூபிஐயும் இல்லாத ஒரு சேமிப்புக் கணக்கு. ஜன்தன் போன்ற பூஜ்ய இருப்புக் கணக்கே போதும். பணம் போடுவது சுலபமாகவும் எடுப்பது சிரமமாகவும் இருக்க வேண்டும். சம்பளம் வரும் கணக்கிலிருந்து தினம் ஜீபேயில் அனுப்பலாம். ஜீபே இல்லாதவர்கள் உண்டியலில் போட்டு வாரம் ஒரு நாள் வங்கிக்குக் கொண்டுபோகலாம். உண்டியலில் பத்து நாளுக்கு மேல் பணம் தங்கினால் அது வீட்டுப் பணமாகிவிடும். நேரம் முக்கியம். தண்டல்காரர் வரும் அதே நேரத்தை வைத்துக்கொண்டால் பழக்கம் புதிதாகப் பிடிபட வேண்டியதில்லை.

முதல் மாதம் ஒரு ரூபாயும் குறைக்க வேண்டாம். என்னென்ன கடன், யாரிடம், வட்டி எவ்வளவு, அசல் பாதி பாதியாக வாங்கிக்கொள்வாரா, என்ன பத்திரம் அவர் கையில் இருக்கிறது என்று எழுதினால் போதும். இதில் மொய் நோட்டையும் சேர்க்க வேண்டும். நம் வீட்டு விசேஷத்தில் வாங்கிய மொய் வட்டியில்லாக் கடன். ஆவணியிலும் தையிலும் திருப்பிக் கேட்கும். அதைக் கணக்கில் சேர்க்காத திட்டம் முதல் முகூர்த்த மாதத்திலேயே உடைகிறது. மாதம் 500 ரூபாய் மொய்க்கென்று தனி உறையில் போட்டுவைப்பது வீண் அல்ல.

எதை முதலில் அடைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தண்டல் ஒன்று தினம் 100 ஓடுகிறது. தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு 40,000. மாதம் 1,200 வட்டிக்கே போகிறது. வங்கியில் நகைக் கடன் 90,000, ஆண்டுக்கு 9 சதவீதம், அதாவது மாதம் 675. வாரக் குழுக் கடன் ஒன்று. மளிகைக் கடையில் 4,000 பாக்கி.

வட்டி அதிகம் தண்டலுக்குத்தான். ஆனால் தண்டலை முன்கூட்டி முடிப்பதில் லாபமில்லை. வட்டியை முதல் நாளே பிடித்துவிட்டார்கள். 40-ஆவது நாளில் மொத்தமாகக் கட்டினாலும், அவராக மனமிரங்கித் தள்ளிவிட்டால் ஒழிய, அதே 10,000தான். ஆகவே அதை நூறு நாளும் ஓட விடுங்கள். கவனம் வேண்டியது நூற்றொன்றாம் நாளில்தான். புத்தகம் முடிந்ததும் 'திரும்பப் போட்டுக்கலாமா' என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே 100-ஐ அதே நேரத்தில் உங்கள் கணக்குக்கு அனுப்புங்கள். மாதம் 3,000 ரூபாய் கட்டும் பழக்கம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. பத்து நாள் இடைவெளி விட்டால் அது கரைந்துபோகும்.

அடுத்து மூணு வட்டி. கைவட்டிக்காரர் பலர் அசலைப் பிரித்து வாங்க மாட்டார்கள், வட்டி வந்துகொண்டிருப்பதே அவர்களுக்கு நல்லது. 'பத்தாயிரம் பத்தாயிரமாகத் தருகிறேன்' என்று முதலிலேயே பேசி, ஒவ்வொரு முறையும் புரோ நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி வாங்குங்கள். வட்டித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு கொடுங்கள். தேதி தாண்டி ஒரு நாள் ஆனாலும் முழு மாத வட்டி கேட்பவர்கள் உண்டு. தண்டலில் மிஞ்சும் 3,000, அன்றாடச் செலவில் குறைத்த 2,500, ஆக மாதம் 5,500. ஒவ்வொரு பத்தாயிரமும் அடையும்போது 300 ரூபாய் வட்டி விடுபட்டு இதில் சேர்கிறது. கணக்குப்படி ஏழு மாதத்தில் 40,000 முடியும். அதன் பிறகு கையில் மாதம் 6,700 நிற்கும்; நகைக் கடன் 14 மாதத்துக்குள் அடையும். தண்டல் ஓடும் மூன்று மாதத்தையும் சேர்த்து இரண்டு வருடம். நடைமுறையில் இரண்டரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதப் பள்ளிச் செலவும் தீபாவளியும் எந்தத் திட்டத்துக்கும் விலக்குக் கொடுப்பதில்லை.

வீட்டில் மிச்சமிருக்கும் நகையை வங்கியில் வைத்து மூணு வட்டியை ஒரே அடியாக முடித்துவிடலாமே என்று தோன்றும். கணக்கு சரிதான்: 40,000-க்கு வருடத்துக்கு 14,400 போன இடத்தில் 3,600 போகும். ஆனால் இதுதான் அதிகம் தவறிப்போகும் இடமும்கூட. நகையும் உள்ளே போய், ஆறு மாதத்தில் அதே ஆளிடம் மறுபடி கைமாற்றும் வாங்கினால் முன்னிருந்ததைவிட மோசம். தண்டலைத் திரும்பப் போடாமல் மூன்று மாதம் தாக்குப்பிடித்த குடும்பம் மட்டும் இதைச் செய்யலாம். வட்டியில் மிஞ்சும் 900 ரூபாயும் நகைக் கடன் அசலுக்கே போக வேண்டும்.

நகைக் கடனில் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய. சங்கிலி, வளையல், தோடு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். தனித்தனியாக வைத்தால் மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனால் தோட்டை ஆறாவது மாதத்திலேயே மீட்டுவிடலாம். வீட்டுக்கு ஒரு நகை திரும்பி வருவது மற்றவர்களை முறைக்குள் இழுத்துவருவதுபோல வேறெதுவும் செய்வதில்லை. பெரும்பாலான வங்கிகளில் இடையில் கட்டும் தொகை முதலில் வட்டிக்கும் மீதி அசலுக்கும் போகும். நாள் கணக்கில் வட்டி குறையும். வருடம் முடிந்து திருப்பி வைக்கும்போது முழுத் தொகையையும் கட்டச் சொன்னால், ஒரு நாள் வட்டிக்குப் புரட்டித் தருபவரிடம் போக வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க, பத்தாவது மாதத்திலேயே எவ்வளவு நிற்கிறது என்று கேட்டுவையுங்கள். தங்கம் விலை ஏறியிருக்கும்போது 'இதே நகைக்கு இன்னும் அறுபதாயிரம் கிடைக்கும்' என்பார்கள். அந்த அறுபதாயிரத்தை வாங்கிய நாளில் முறை முடிந்துபோகிறது.

குழுக் கடனை அதன் தவணைப்படியே விடலாம். 2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இதுபோன்ற நுண்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது; எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. மூணு வட்டி முடிந்ததும் அடுத்து இதை முடிப்பதா நகையை மீட்பதா என்பதைக் குழுக் கடன் அட்டையில் போட்டிருக்கும் வட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 'ஃபிளாட்' வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் கடைசி வரை முழு அசலுக்கும் போடும் வட்டி, என்று சொன்னால் உஷார்: ஒரு லட்சம், 12 சதவீத ஃபிளாட், 24 மாதம் என்பது குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் 21 சதவீதத்தைத் தாண்டும்.

இனி அந்த 2,500 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரிய தொகை எதிலும் இல்லை. ஒருவர் வெளியில் மூன்று டீ, இரண்டு வடை சாப்பிடுகிறார். டீ 12, வடை 8 என்றால் தினம் 52. அதை ஒரு டீ, ஒரு வடையாக்கினால் 32 மிச்சம். அடியோடு நிறுத்தச் சொல்வது தவறு. வேலையிடத்தில் பேச்சும் ஓய்வும் அந்த டீயோடுதான். வீட்டில் பால் கூடுதலாகும் என்பதால் 32-ஐ 20 என்றே எழுதுங்கள். வேலை நாள் 26 என்றால் 520.

மாவு பாக்கெட் இன்னொன்று. ரேஷன் புழுங்கல் அரிசியும் இட்லி அரிசியும் பாதிப் பாதியாக 800 கிராம், உளுந்து 200 கிராம், வெந்தயம் ஒரு ஸ்பூன். இரண்டரைக் கிலோ மாவுக்குக் குறையாது. வாரம் இரண்டு முறை அரைக்கும் நான்கு பேர் வீட்டில் மாதம் 600 ரூபாய்க்கு மேல் நிற்கும். ரேஷன் அரிசி மட்டும் போட்டு அரைத்து, இட்லி கல்லாகி, மூன்றாம் வாரம் மறுபடி பாக்கெட்டுக்குப் போனவர்களுக்காகத்தான் அளவு சொல்வது.

கடை நோட்டில் எழுதி வாங்கும் மளிகையை நிறுத்துவது எல்லாவற்றிலும் கடினம், பலனும் அதிகம். நோட்டில் விலை கண்ணில் படாது. பிள்ளை போய் பிஸ்கட் வாங்கினாலும் அதில் ஏறும். பழைய பாக்கி 4,000-ஐ வாரம் 250 வீதம் 16 வாரத்தில் கட்டிவிடுவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, புதிதாக வாங்குவதைக் காசு கொடுத்து வாங்குங்கள். அதே கடையில் வாங்குங்கள். பாக்கியை வைத்துக்கொண்டு கடை மாறுவது மரியாதையும் அல்ல, ஆத்திர அவசரத்துக்கு உதவியும் போய்விடும்.

காய்கறிக்குக் காலையில் உழவர் சந்தை. விலை குறைவென்று ஐந்து கிலோ தக்காளி வாங்கி இரண்டு கிலோவை அழுக விடுவது சேமிப்பல்ல. மூன்று நாளுக்கு மட்டும் வாங்குங்கள். மீனில் நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; அந்த 61 நாளும் மீன் செலவு ஏறும் என்பதை முன்பே எழுதிவைத்து, முட்டைக்கும் கருவாட்டுக்கும் மாறிக்கொள்ளலாம். விசைப்படகு மீன்பிடியையே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கோ அந்த இரண்டு மாதமும் மீன்பிடி வருமானம் இல்லை. அங்கே 100 என்பதை 20 ஆக்கினால் போதும், பூஜ்யமாக்கக் கூடாது. கட்டட வேலைக்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதே கதைதான்.

கரண்டில் ஒரு வரம்பு முக்கியம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தமிழ்நாட்டின் 2024 ஜூலை கட்டணப்படி, 101 முதல் 200 வரையிலான யூனிட்டும் 2.35-லிருந்து 4.70-க்குப் போய்விடும். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் 235 ரூபாய் அதிகம். 45-ஆவது நாளில் மீட்டரைப் பார்த்தால் கடைசி இரண்டு வாரம் சுதாரிக்கலாம். புதுச்சேரியில் மாதா மாதம் கணக்கெடுப்பதால் இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது. போனுக்கு 28 நாள் ரீசார்ஜ் வருடத்துக்குப் பன்னிரண்டல்ல, பதின்மூன்று முறை. பெண்களுக்கு இலவசப் பயணம் அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும். தனியார் பஸ் முதலில் வந்தது என்று ஏறினால் காசுதான்.

புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு என்று கடலூரிலிருந்து எல்லையிலுள்ள ஆல்பேட்டை தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போக வர 15 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டி என்றால் அதற்கே மூன்றில் ஒரு லிட்டர், 33 ரூபாய். லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் என்றே வைத்தாலும் 5 லிட்டருக்கு 25. அங்கே வேலைக்குப் போய்வருபவர் மட்டும் அங்கே போட்டுக்கொள்ளலாம். மதுவுக்காகப் போய்வரும் பழக்கம் இருக்கும் வீட்டில் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது. அங்கே முதல் செலவுக் குறைப்பு சிகிச்சைதான். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு வருடத்தில் முறை தேயும் இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆறாவது வாரத்தில் நோட்டு எழுதுவது நின்றுபோகும். பரவாயில்லை, 100 ரூபாய் அனுப்புவது நிற்காதவரை. முதல் தீபாவளியில் 'இந்த ஒரு முறை' என்று தவணையில் டிவியோ போனோ வரும். முதல் பத்தாயிரத்தை அடைத்ததும் ஒரு தளர்வு வரும். எல்லாவற்றையும்விடக் கடுமையானது பதினான்காம் மாதச் சலிப்பு: கைவட்டி முடிந்திருக்கும், நகைக் கடன் 9 சதவீதம்தானே என்று கை தளரும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க 300 ரூபாய் தனி உறையில் வைத்திருந்த வீடு தாக்குப்பிடிக்கும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நடந்த வீடு அந்த ஒரு நாளில் மூவாயிரத்தை இறைத்துவிடும்.

நகைச் சீட்டும் தீபாவளிச் சீட்டும் கட்டிக்கொண்டே மூணு வட்டி கட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதுதான். நடப்புச் சீட்டை முடித்து, அந்தப் பணத்தைக் கடனுக்குத் திருப்பி, புதுச் சீட்டைக் கடன் முடிந்தபின் தொடங்குங்கள்.

இந்த முறை எல்லாருக்கும் பொருந்தாது. வருமானம் அரிசி பருப்புக்கே எட்டாத வீட்டில் குறைக்க எதுவும் இல்லை. அங்கே வேண்டியது கூடுதல் வருமானமும் தவணையை நீட்டித்துத் தரும் பேச்சும்தான். வட்டிக்காரர் மிரட்டினால், வீட்டுக்கு வந்து அவமானப்படுத்தினால், 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் உதவி உண்டு.

கடைசித் தவணை கட்டும் நாளில் அவசரப்படாதீர்கள். கைவட்டிக்காரரிடம் புரோ நோட்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை, ஏடிஎம் கார்டு என்று எது கொடுத்திருந்தாலும் பணம் கைமாறும் அதே இடத்தில் திரும்ப வாங்குங்கள். 'வீட்டில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன்' என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். நகையைக் கவுண்டரிலேயே எடை போட்டு ரசீதோடு ஒப்பிடுங்கள். குழுக் கடனுக்கும் வங்கிக் கடனுக்கும் பாக்கியில்லைச் சான்று வாங்கி, இரண்டு மாதம் கழித்து சிபில் எனும் கடன் வரலாற்று அறிக்கையில் 'முடிந்தது' என்று ஏறியிருக்கிறதா பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை அந்த அறிக்கை இலவசம்.