போர்மட்டா, ரேமா, எஸ்எஸ்டியா? உறைந்து நிற்கும் கணினிக்கு எது சரி?

வேர்டைத் திறந்தால் உறைகிறது, பிரவுசரைத் திறந்தால் 'நொட் ரெஸ்பொண்டிங்' என்று நிற்கிறது. ஹட்டனோ பண்டாரவளையோ, டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "போர்மட் அடிச்சுப் பார்ப்போம்." அதாவது டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவது. ஏஎல் படிக்கும் பிள்ளையின் நோட்ஸ் முழுக்க அதற்குள் இருக்கும்போது, யோசிக்காமல் தலையாட்டக் கூடாது.

முதலில், உறைவது ஒரே ஒரு புரோகிராமா, எல்லாமுமா? ஒன்று மட்டும் என்றால் போர்மட் வீண். எக்ஸெல் என்றால் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு திறந்து, சேஃப் மோடில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், எக்ஸெலோடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஏதோ ஒரு துணை மென்பொருள், அதாவது அட்-இன்தான் வில்லன். கண்ணில் படாத இன்னொரு காரணம் பிரிண்டர். எப்போதோ இணைத்த நெட்வொர்க் பிரிண்டர் டிஃபால்ட்டாகக் கிடந்தால், வேர்டும் எக்ஸெலும் அதைத் தேடிக்கொண்டே நிற்கும். டிஃபால்ட்டை மாற்றப் பத்துச் சதம் செலவில்லை.

எல்லாமே உறைகிறது என்றால், அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, மெமரி (அதுதான் ரேம்) பாதியில் நிற்கிறதா? பழைய ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது. அது நொடிக்கு 100 முதல் 150 எம்பி படிக்கும், அதற்குப் பதிலாகப் போடும் சிப் வகை டிஸ்க்கான சாட்டா எஸ்எஸ்டி 500 வரை போகும். ஆனால் பெரிய வித்தியாசம் அதுவல்ல. ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் உள்ளே இருக்கும் முள் நகர்ந்து தேட வேண்டும். அப்டேட்டும் வைரஸ் ஸ்கேனும் ஒன்றாக ஓடும்போது முள் பாவம், எங்கே போகும்? எஸ்எஸ்டியில் நகர்கிற பாகமே இல்லை.

டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் ஒருதரம் ஓட்டிவிடுங்கள். மஞ்சள் நிறத்தில் 'கோஷன்' (எச்சரிக்கை) காட்டினால், வேறு எதற்கும் முன்னால் நோட்ஸை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அந்த டிஸ்க்கிலேயே போர்மட் அடிப்பது காசுக்குக் கேடு.

மெமரி 90 சதவீதம் தாண்டினால்தான் ரேம் கூட்ட வேண்டும். 4 ஜிபியில் விண்டோஸ் 10-ம் பத்து குரோம் டேப்பும் திணறத்தான் செய்யும். ரேமிலும் வகை உண்டு, டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 ஏறாது, 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் தொடாது. நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் ரேமின் தங்கநிறப் பட்டைகள் மங்குவதும் உண்டு. மெஷினே விறைத்து நின்றால், மின் இணைப்பைக் கழற்றிவிட்டு அவற்றை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள்.

போர்மட் பொருந்துவது வைரஸுக்கும் வருடக்கணக்கில் சேர்ந்த குப்பைக்கும். இங்கே சிக்கல் என்னவென்றால் இறக்க வேண்டிய விண்டோஸ் கோப்பே 5 ஜிபிக்கு மேல், டேட்டா கரையும். ஐப்பசி மழையில் பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அதோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரோசசர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட மெஷினில் போர்மட் அடித்தாலும் திரும்பி வருவது அதே 10 தான்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, டிஸ்க்கும் 100-இல் நிற்கிறது என்றால் என் ஓட்டு எஸ்எஸ்டிக்கு. கடையில் "குளோன் பண்ணித் தாங்க" என்று கேளுங்கள், பழைய டிஸ்க்கில் இருப்பதெல்லாம், விண்டோஸும் கோப்புகளும், அப்படியே புதியதற்கு வந்துவிடும். மஞ்சள் காட்டாத பழைய டிஸ்க்கை விட்டுவிட்டு வராதீர்கள். யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால் பேக்கப்புக்கு ஆகும்.