பவுடரா, சிங்கா, நிக்கலா: கோட்டிங் போட்ட பின் (pin) துளைக்குள் இறுகினால்

பினாங்கின் பிறை, பாயான் லெப்பாஸ் வட்டாரத்து மிஷின் ஷாப்புகளில் அடிக்கடி கிளம்பும் தகராறு இது. கடைந்து முடித்தபோது விரலால் தள்ளினாலே உள்ளே போன 12 மில்லி பின், கோட்டிங் போய்த் திரும்பியதும் சுத்தியல் கேட்கும். உடனே கோட்டிங் கடைக்குப் போன் பறக்கும். பெரும்பாலும் தப்பு வரைபடத்தில்தான்.

கணக்கைப் பாருங்கள். H7, g6 என்பவை வரைபடத்தில் எழுதும் அளவு வரம்புக் குறியீடுகள். H7 துளை 12.000 முதல் 12.018 மில்லி வரை. g6 பின் 11.983 முதல் 11.994 வரை. இடைவெளி 6 முதல் 35 மைக்ரான் (மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மின்னேற்றிய பவுடரைத் தெளித்து அடுப்பில் வேகவைக்கும் பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு 60–80 மைக்ரான் ஏறும்; விட்டத்தில் அது 120–160. எவ்வளவு பதமாகத் தெளித்தாலும் நுழைய வழியில்லை.

பின்னை 0.14 மில்லி சிறிதாகக் கடைந்துவிடலாமே என்பார்கள். பவுடரின் ஏற்ற இறக்கமே விட்டத்தில் 40 மைக்ரான். கேட் கீலுக்கு அது போதும், ஜிக்கில் (வேலைப் பொருளைச் சரியான இடத்தில் பிடிக்கும் சாதனம்) இடம் பிடிக்கும் பின்னுக்கு ஆகாது.

எதையும் மாற்றுமுன் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். பின் முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசி, லேசாகத் திருகியபடி தள்ளி வெளியே எடுங்கள். முனையில் மட்டும் மை உரிந்திருந்தால் அங்கே பவுடர் குவிந்திருக்கிறது; கூர்மையான ஓரத்தில் மின்புலம் கூடுதலாக இருப்பதால் பவுடர் அங்கேதான் அதிகம் ஏறும். நீளவாக்கில் ஒரே பக்கம் உரிந்தால் துளைகள் நேர்கோட்டில் இல்லை, கோட்டிங்கைத் திட்டிப் பயனில்லை. துளைக்கும் கோட்டிங் போட்டிருந்தால் வாயில் தடித்து, உள்ளே மெலிந்திருக்கும். அதில் ரீமர் (துளையைத் துல்லியமாகச் சீவும் கருவி) விட வேண்டாம். வாயோரத்தில் படலம் பெயர்ந்து, ஈரம் அடியில் புகுந்து துரு பிடிக்கும்.

காலையில் சுலபமாகப் போன பின் பிறகு ஒட்டிக்கொண்டால், படலம் சரியாக வேகவில்லையா என்று பாருங்கள். பவுடருக்கு 180–200 டிகிரி என்பது உலோகத்தின் சூடு, அடுப்பின் சூடு அல்ல. மெல்லிய தகடோடு சேர்த்துத் தொங்கவிட்ட தடித்த பின் அந்தச் சூட்டை எட்டுமுன் தகடு வெந்து முடிந்திருக்கும். அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் தாராளமாக இறங்கினால் சந்தேகம் உறுதி.

பவுடர்தான் வேண்டுமென்றால் பொருந்தும் பகுதியை மறையுங்கள்: துளைக்கு சிலிக்கான் பிளக், பின்னுக்குச் சூடு தாங்கும் பச்சை டேப். முழுக்க ஆறுமுன் டேப்பை உரித்தால் ஓரம் பிசிறாது. கூலி கூடும். வெறும் உலோகம் பினாங்கின் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், கிரீஸ் தேவை.

சிங்க் (துத்தநாக) பிளேட்டிங் மலிவு. பக்கத்துக்கு 5 மைக்ரான் கேட்டு, பின்னை g6-ஐவிடச் சற்றுச் சிறிய f7 வரம்பில் கடைந்தால் (11.966–11.984) முடிவில் 11.976–11.994. துளைக்கு இது போதும். ஆனால் மரையில் கவனம். மரையின் விட்டத்தில் படலத் தடிமன் நான்கு மடங்காகத் தெரியும். M8 6g போல்ட்டின் (8 மில்லி மரை, 6g அதன் அளவு வரம்பு) 28 மைக்ரான் இடைவெளி 7 மைக்ரான் சிங்க்கிலேயே தீர்ந்துவிடும். மிக உயர் வலிமை கொண்ட 12.9 தர போல்ட்டை சிங்க் தொட்டிக்கு அனுப்பினால், ஹைட்ரஜன் ஏறித் திடீரென முறியாதிருக்க 190–220 டிகிரியில் பல மணி நேரம் சூடேற்றச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கம்.

அலுமினியம் என்றால் ஹார்டு அனோடைசிங்: அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்சாரத்தால் கடினமான ஆக்சைடு படலமாக்குவது. 50 மைக்ரான் படலத்தில் சுமார் பாதி வெளியே வளரும். விட்டத்தில் ஏறத்தாழ 50 கூடும்.

அளவு முக்கியமான பின்னுக்கு என் தேர்வு எலக்ட்ரோலெஸ் நிக்கல். மின்சாரம் இல்லாமல் ரசாயனத்தால் படிவதால் ஓரமும் துளையின் உட்புறமும் ஏறத்தாழ ஒரே தடிமன். 11.965–11.975 எனக் கடைந்து 10 மைக்ரான் போட்டால் 11.985–11.995, பழைய g6 அளவு கிட்டத்தட்டத் திரும்பிவிடும். விலை சிங்க்கைவிட அதிகம்தான். சொரசொரப்பாகக் கடைந்த பரப்பில் 10 மைக்ரான் துருவைத் தடுக்காது, முதலில் பாலிஷ் செய்யுங்கள். கேட் கீல், தள்ளுவண்டி போன்றவற்றுக்கு இந்தச் செலவு வீண். மறைத்துப் போட்ட பவுடரே போதும்.

எதைத் தேர்ந்தாலும் வரைபடத்தில் இரண்டு வரி இருக்கட்டும்: மறைக்க வேண்டிய பகுதி எது, எழுதியிருக்கும் அளவு கோட்டிங்குக்கு முன்னா பின்னா.