போராட்டக்காரன் மாதிரி பேசி மேட்ச் டிக்கெட் விக்கிறாங்க, நம்பாதீங்க. எனக்கு 186 பவுண்டு போச்சு

ஞாயித்துக்கிழமை, 2025 மார்ச் 9, நடந்தது, இன்னிக்கு புதன், இன்னும் வயிறு எரியுது. 186 பவுண்டு. நம்ம ஊர் காசுக்கு இருபதாயிரத்துக்கு மேல. மான்செஸ்டர் யுனைடெட் மேட்ச் பாக்கணும்னு இங்கிலாந்துல இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் டிக்கெட்டுக்கு அலையுறாங்க, ஊர்ல இருந்து வர்றவங்களும் கேக்குறாங்க, அதனால கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன்.

நான் இந்த கிளப்பை பாக்க ஆரம்பிச்சது 1999ல. மே மாசம், திருச்சி வீட்டுல, எல்லாரும் தூங்கின பிறகு டிவி சத்தத்தை குறைச்சு வச்சு பார்சிலோனால நடந்த அந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். ஜெர்மனி கிளப் பயர்ன் மியூனிக்குக்கு எதிரா கடைசி ரெண்டு மூணு நிமிஷத்துல ஷெரிங்கம், சோல்ஷார் ரெண்டு பேரும் கோல் போட்டப்ப ராத்திரி 2 மணி, கத்தவும் முடியாம தலகாணிய கடிச்சுக்கிட்டு அழுதேன். இப்ப ஸ்டோக்ல இருக்கோம், பையனுக்கு 11 வயசு, அவனுக்கும் அதே பைத்தியம். ட்ரெயின்ல முக்கால் மணி நேரத்துல மான்செஸ்டர். இருந்தும் ஒரு தடவை கூட கிளப்போட ஸ்டேடியமான ஓல்ட் ட்ராஃபர்டுக்குள்ள கூட்டிட்டு போனதில்ல, டிக்கெட் கெடைக்கிறது அவ்ளோ கஷ்டம், கெடைச்சாலும் விலை.

விலைய பத்தி சொல்லியே ஆகணும். 2024 நவம்பர் கடைசில, சீசன் பாதில, கிளப் மெம்பர்களுக்கு மிச்சம் இருக்குற டிக்கெட்டெல்லாம் 66 பவுண்டுன்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி பெரியவங்களுக்கு 40ல இருந்து, சின்னப் பசங்களுக்கு 25ல இருந்து இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த சீசன்ல பையனுக்கும் 66, பென்ஷன் வாங்குற தாத்தாவுக்கும் 66னு ஆச்சு. டிசம்பர் 1ஆம் தேதி எவர்டன் மேட்ச்ல இதுக்காகவே ரசிகர்கள் போராட்டம் பண்ணாங்க. இப்ப மார்ச் 9, ஆர்சனல் மேட்ச், இன்னும் பெருசா. ‘தி 1958’ங்கிற ரசிகர் குழு கூப்பிட்டிருந்துச்சு, எல்லாரும் கறுப்பு ட்ரெஸ்ல வாங்க, ஸ்டேடியம் வரைக்கும் ஊர்வலமா போவோம்னு. (1958னா யுனைடெட் டீம் போன விமானம் மியூனிக்ல விபத்துல சிக்கினது, பிப்ரவரி 6, 23 உயிர், அதுல 8 பேர் ஆட்டக்காரங்க. அந்த வருஷத்தையே பேரா வச்சிருக்காங்க.)

எனக்கு பையனை அந்த ஊர்வலத்துக்கும் கூட்டிட்டு போகணும், மேட்ச்சும் காட்டணும். அங்கதான் மாட்டினேன்.

ரசிகர்கள் ரசிகர்களுக்கே டிக்கெட் விக்கிற மாதிரி ஒரு ஆன்லைன் தளம். பேர் சொல்லல. பாக்க ரொம்ப நல்லா இருக்கும், பணம் எங்ககிட்டதான் இருக்கும், டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் விக்கிறவருக்கு போகும்னு பெருசா போட்டிருப்பாங்க. மத்தவங்கல்லாம் ஒரு டிக்கெட்டுக்கு 200, 250னு வச்சிருக்கப்ப ஒருத்தன் மட்டும் ரெண்டு சீட்டு, பக்கத்து பக்கத்துல, தலைக்கு 66னு போட்டிருந்தான். ஃபோட்டோல முகம் இல்ல, பச்சையும் தங்கமும் கோடு போட்ட ஸ்கார்ஃப் மட்டும். அந்த ஸ்கார்ஃப் சும்மா அழகுக்கு போடுறது இல்லைங்க. 1878ல ரயில்வே தொழிலாளிங்க ஆரம்பிச்ச நியூட்டன் ஹீத் டீமோட கலர் அது, அதுதான் 1902ல மான்செஸ்டர் யுனைடெட் ஆச்சு. 2010ல கிளப் ஓனர்களான கிளேசர் குடும்பத்துக்கு எதிரா ரசிகர்கள் சிவப்பை விட்டுட்டு ஆயிரக்கணக்குல அந்தக் கலரை கழுத்துல போட்டுக்கிட்டாங்க. அதைப் பாத்ததும் நம்ம ஆளுன்னு தோணிடுச்சு.

மெசேஜ் போட்டேன், ஏன் இவ்ளோ கம்மின்னு கேட்டேன். அவன் சொன்னத அப்படியே தமிழ்ல எழுதுறேன். “நான் ஊர்வலத்துக்கு வருவேன், ஆனா உள்ள போகமாட்டேன். அந்தக் குடும்பம் என் பாக்கெட்ல இருந்து எடுத்தது போதும். உங்ககிட்ட ஒரு பென்னி அதிகமா வாங்குனா அவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பையனுக்கு முதல் மேட்ச்சா? அவன் போய் பாக்கட்டும்.” பையன் பேர் என்னன்னு கேட்டான். சொன்னேன். அடுத்த மெசேஜ்ல பையன் பேரை போட்டு, அவனுக்கு என் சார்பா ஒரு ஹாய் சொல்லுங்கன்னான். அதை பையன்கிட்ட காட்டினேன். அவன் ஸ்க்ரீனை பாத்துக்கிட்டு “தேங்க்யூ சொல்லுங்கப்பா, தேங்க்யூ சொல்லுங்க”ன்னு குதிச்சான். அந்த நிமிஷம்தான், அதுக்கு மேல நான் எதையும் யோசிக்கல.

132 பவுண்டு டிக்கெட். பணம் கட்டுற பக்கத்துல போனா சர்வீஸ் சார்ஜ் 30, டெலிவரி 10, அப்புறம் வாங்குறவங்க பாதுகாப்பு கட்டணம்னு 14. பாதுகாப்புன்னு போட்டிருக்காங்களே, இருக்கட்டும்னு டிக் பண்ணேன். மொத்தம் 186. டெபிட் கார்டு.

வேலை பாக்குற இடத்துல ஒரு அண்ணன் இருக்கார், இருபது வருஷமா இங்க இருக்கார். அவர்கிட்ட சந்தோஷமா சொன்னப்பவே “தம்பி, கிளப் ஆப்புக்குள்ள வராத டிக்கெட் டிக்கெட்டே இல்ல, பாத்துக்க”ன்னார். நான் அந்த ஆளோட மெசேஜெல்லாம் காட்டினேன், படிச்சுட்டு அவரும் ஒண்ணும் சொல்லல.

சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு டிக்கெட் வந்துச்சு, ஒரு பிடிஎஃப், ரெண்டு க்யூஆர் கோடு. ஆப்ல ட்ரான்ஸ்ஃபர் பண்ற லிமிட் முடிஞ்சுடுச்சு, இதைக் காட்டுனாலே கேட் திறக்கும்னு எழுதியிருந்தான். அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். பையன் கறுப்பு ஜாக்கெட்டை எடுத்து நாற்காலில மாட்டி வச்சுட்டு தூங்கியிருந்தான்.

ஞாயிறு ட்ராஃபர்ட் பார் ட்ராம் ஸ்டாப்ல இறங்கி ஊர்வலத்தோட நடந்தோம். ஆயிரக்கணக்குல ஜனம், கறுப்பு கறுப்பா, வயசானவங்க, அப்பா தோள்ல குழந்தைங்க. கிளேசர் வெளியே போன்னு கோஷம். பையன் ஏன்பா இவ்ளோ கோவம்னு கேட்டான், நடந்துக்கிட்டே சொன்னேன். 2005ல அந்தக் குடும்பம் கிளப்பை 790 மில்லியன் பவுண்டுக்கு வாங்குச்சு, பெரும்பகுதி கடன், அந்தக் கடன்ல ஒரு பெரிய பங்கை கிளப் தலையிலயே கட்டிட்டாங்க. கடனே இல்லாம இருந்த கிளப். உன் வீட்டை ஒருத்தன் வாங்குறான், வாங்கின கடனுக்கு வட்டிய மட்டும் நீதான் மாசாமாசம் கட்டணும்னா எப்படி இருக்கும், அதான். வட்டி, டிவிடெண்ட்னு இதுவரைக்கும் வெளிய போனது 1 பில்லியன் பவுண்டுக்கு மேலன்னு சொல்றாங்க. 2021 ஏப்ரல்ல சூப்பர் லீக்னு பணக்கார கிளப்புங்க மட்டும் தனியா ஆடப்போறோம்னு கிளம்பி ரெண்டே நாள்ல பின்வாங்கினாங்க, அந்த ஆத்திரத்துல மே 2ஆம் தேதி ரசிகர்கள் மைதானத்துக்குள்ளயே இறங்கி லிவர்பூல் மேட்ச்சே தள்ளிப்போச்சு. 2024ல ஜிம் ராட்கிளிஃப்ங்கிற பிரிட்டிஷ் கோடீஸ்வரர் கிளப் பங்குல 27.7 சதவீதம் வாங்கினப்ப இனிமே நல்லா இருக்கும்னு எல்லாரும் நம்புனோம். வந்து 250 பேர் வேலைய எடுத்தாங்க, போன மாசம் இன்னும் 200 பேர் வரைக்கும்னு சொல்லிட்டாங்க, ஊழியர்களுக்கு குடுத்த மதிய சாப்பாட்டையும் நிறுத்துறாங்க. நேத்து 1 லட்சம் பேர் உக்கார்ற புது ஸ்டேடியம், 2 பில்லியன்னு அறிவிப்பு வேற.

விஷயத்துக்கு வர்றேன். கேட்ல பிடிஎஃப்பை காட்டினேன். கேட்ல நின்ன ஸ்டேடியம் ஊழியர் ஒரு வயசான மனுஷன், ஃபோனை பாத்துட்டு என்னைப் பாத்துட்டு பையனைப் பாத்தார். இங்க க்யூஆரே கிடையாது, ஃபோன்ல இருக்குற பாஸை மெஷின்ல வச்சாத்தான் திறக்கும்னு மெதுவா சொன்னார். டிக்கெட் ஆஃபீஸுக்கு அனுப்பினார். அங்க இருந்த பொண்ணு சீட் நம்பரை தட்டிப் பாத்து, இந்த ரெண்டு சீட்டும் சீசன் டிக்கெட்காரங்களோடது, அவங்க உள்ள போய் அரை மணி நேரம் ஆச்சுன்னாங்க. பையன் என் கைய பிடிச்சிருந்தவன் விட்டுட்டு தன் ரெண்டு கையையும் ஜாக்கெட் பாக்கெட்ல போட்டுக்கிட்டான். ஒண்ணுமே சொல்லல.

வெளிய, அந்த விபத்து நினைவா வச்சிருக்குற மியூனிக் கடிகாரத்துக்கு கீழ நின்னோம். பாதி ஆட்டம் முடியப்போற நேரத்துல உள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, நெஞ்சுக்குள்ள அதிருச்சு, நம்ம கேப்டன் ப்ரூனோ ஃப்ரீ கிக்ல கோல். சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு என் பையன் தன்னோட முதல் ஓல்ட் ட்ராஃபர்ட் கோலை காதால கேட்டான். 1-1 ஆனதை திரும்பி வர்றப்ப ட்ராம்ல ஃபோன்ல பாத்தான்.

அங்க நிக்கிறப்பவே அந்த ஆளுக்கு மெசேஜ் போட்டேன். அக்கவுண்ட்டே இல்ல. தளத்தோட உதவி சாட்ல போனா முதல்ல மெஷின் பதில், திரும்ப திரும்ப அதே நாலு ஆப்ஷன். மனுஷங்க வர்றதுக்கு திங்கட்கிழமை ஆச்சு. வந்த ஆள் சொன்னது, டிக்கெட் டெலிவரி ஆகிட்டதா எங்க சிஸ்டம் காட்டுது, அதனால பணத்தை விக்கிறவருக்கு அனுப்பிட்டோம். பொய் டிக்கெட்டுங்கன்னேன். அதுக்கு, பிரச்சினை இருந்தா மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி சொல்லியிருக்கணுமாம். டிக்கெட்டே 24 மணி நேரத்துக்குள்ளதான்யா வந்துச்சு! சரி அந்த 14 பவுண்டு பாதுகாப்பு எதுக்குன்னு கேட்டா, அது மேட்ச் ரத்தானா மட்டுமாம். செவ்வாய்க்கிழமை ஒரு மெயில், உங்க புகார் முடிக்கப்பட்டதுன்னு, கீழ எங்க சேவைக்கு எத்தனை ஸ்டார் குடுப்பீங்கன்னு. ஃபோன் நம்பர் எங்கயும் இல்ல, ஆஃபீஸ் இந்த நாட்டுலயே இல்ல. பேங்க்ல தகராறு ஃபார்ம் போட்டிருக்கேன், வாரக்கணக்குல ஆகும், வரும்னு உத்தரவாதம் இல்லைன்னுட்டாங்க. 186 பவுண்டு, ட்ரெயின் டிக்கெட் தனி.

இதுல எனக்கு ரொம்ப கசக்குறது என்னன்னா, அந்த ஆள் எதை வச்சு என்னை ஏமாத்தினான்ங்கிறதுதான். காசு ஆசைய வச்சு இல்ல. இருபது வருஷமா சாதாரண ஜனங்க தெருவுல நின்னு கத்துற ஒரு நியாயமான கோவத்தை எடுத்து முகமூடியா போட்டுக்கிட்டான். 2005ல இந்த ஓனர்களை சகிக்க முடியாம பிரிஞ்சு போன ரசிகர்கள் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்னு தனி கிளப்பே ஆரம்பிச்சாங்க, ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு இன்னிக்கும் நடத்துறாங்க. அப்படிப்பட்டவங்களோட பேச்சை, அவங்க ஸ்கார்ஃபை திருடி விக்கிறான் இவன்.

சரி, என்ன பண்ணணும்னா. கிளப்போட சொந்த ஆப்புக்குள்ள, உங்க பேர்ல வந்தாத்தான் டிக்கெட். பிடிஎஃப், ஸ்க்ரீன்ஷாட், க்யூஆர் எது வந்தாலும் வேணாம். இங்கிலாந்துல ஃபுட்பால் டிக்கெட்டை அனுமதி இல்லாம விக்கிறதே குற்றம், 1994லயே சட்டம் இருக்கு, எனக்கு இப்பத்தான் தெரியும். பையன் பேர், குடும்ப விஷயம் எதையும் விக்கிறவன்கிட்ட சொல்லாதீங்க. இன்னும் நாலஞ்சு விஷயம் எழுதணும்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது, இவ்ளோதான் இப்ப முடியுது.

ஒண்ணு மட்டும். இன்னிக்கு காலைல அதே தளத்துல வேற பேர்ல, அதே பச்சை-தங்க ஸ்கார்ஃப் ஃபோட்டோ. ஏப்ரல் 6, மான்செஸ்டர் சிட்டி மேட்ச், ரெண்டு சீட்டு பக்கத்து பக்கத்துல, தலைக்கு 66. உடனே ரிப்போர்ட் பண்ணேன். இதை எழுதி முடிக்கிறப்ப போய் பாத்தேன், ஒரு சீட்டுன்னு மாறியிருக்கு.